பதினான்கு

குன்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
அதன் காலடியில் ஒரு பதுங்குகுழி,
எண்ணெய் அடுப்பு, தட்டச்சுப்பொறி, நான்.
அம்ஹாரிக்கில் கேட்டு ஆங்கிலத்தில் அடிப்பது என் வேலை.
அடிஸ் அபாபா தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவன்;
கொரியாவில் இருந்த பதினோரு மாதமும்
ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை.

சண்டை நடந்த மூன்றாம் நாள்
கார்ப்பரல் ஷிபெஷியை அழைத்துவந்தார்கள்.
மென்ஸ் மேட்டுநிலத்தில் பார்லி விதைக்கிறவன்.
உறைபனி அவனுக்குப் புதிதல்ல.
"இங்கே பனிக்கு அடியில் கம்பி இருக்கிறது,
அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
முழங்கால் மடங்காது என்று பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்கப் படிவம் முழுக்கக் கட்டங்கள்.
இடம். நேரம். வானிலை.
சொல், என்றேன்.
சந்தைக்குப் போய்வந்த கணக்கைப் போலச் சொன்னான்:

இரவு ரோந்து. ஓடை உறைந்து கிடந்தது.
அவர்கள் எதிர்க்கரையில் படுத்திருந்தார்கள்.
முதல் சரத்திலேயே லெப்டினன்ட் விழுந்தார்.
வயர்லெஸ்காரன் வயிற்றைப் பிடித்தபடி
ஏதோ தொலைத்தவன் மாதிரி குந்திவிட்டான்.
இடப்பக்கம் இயந்திரத் துப்பாக்கி இருமிக்கொண்டே இருந்தது.
அது இருமி ஓய்ந்து பெல்ட் மாற்றும் நேரம்
பரமண்டல ஜெபத்தில் பாதி.
அந்தப் பாதிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஊர்ந்தேன்.
மறுபடி இருமினால் கல்லாகிவிடுவேன்.
ஏழாவது ஜெபத்தில் கைக்கு எட்டியது.
இரண்டு குண்டு எறிந்தேன். ஒன்று வெடிக்கவில்லை.

பிறகு?
பிறகு தூக்கிவந்தேன்.
யாரை?
வயர்லெஸ்காரனை முதுகில்.
லெப்டினன்டைக் கோட்டோடு பிடித்து இழுத்து;
பனிக்கட்டி வழுக்கியது உதவியாக இருந்தது.
கடைசியாக யிர்காவை. அவன் அதற்குள் போய்விட்டிருந்தான்.

செத்தவனுக்காகவா மூன்றாம் முறை போனாய்?

என்னைப் பார்த்தான்,
தபால்தலை ஒட்டாத கடிதத்தை நான் பார்ப்பேனே, அப்படி.

படிவங்களுக்கென்று ஒரு வாக்கியம் உண்டு:
'தன் உயிரைத் துச்சமென மதித்து.'
படித்துக் காட்டினேன். கோபம் வந்துவிட்டது.
"துச்சமென்றால் நடந்தே போயிருப்பேனே,
ஊர்ந்தது எதற்கு?"
நியாயம்தான். ஆனாலும் அடித்தேன்.
அந்த வாக்கியம் இல்லாத காகிதம்
ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகராது.

கடைசிக் கட்டம்.
எத்தனை பேர், என்று கேட்டேன்.
"பதினான்கு." யோசிக்கவே இல்லை.
ஒன்று, நான்கு. இரண்டு தட்டு. முடிந்தது.

அவன் போனபின் தேதி பார்க்க
ரோந்துப் பதிவேட்டைப் புரட்டினேன்.
புறப்பட்டவர்கள் பதினான்கு.
திரும்பியவர்கள் பதினான்கு:
நடந்து பதினொருவர், மூச்சோடு இருவர்,
மூச்சில்லாமல் ஒருவன்.

நான் கேட்டது கொன்றவர்களின் கணக்கை.
அவன் சொன்னது கொண்டுவந்தவர்களின் கணக்கு.

காகிதம் அதற்குள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டது.

இல்லை, பொய்.
காகிதம் என் கையில்தான் இருந்தது,
ஜீப் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.
அடுப்புக்கு எண்ணெய் ஊற்றினேன்.
ரிப்பனைச் சுற்றிவைத்தேன்.
சரியான எண்ணைப் போட்டால் பதக்கம் வராது.
அந்தக் கட்டத்துக்கு அவனிடம் எண்ணே இல்லை.

மார்ச்சில், சேற்றில், அணிவகுப்பு.
கர்னல் ஒருவர் வாசித்தார்.
பதினான்கு என்ற இடத்தில் அமெரிக்கர்கள் சீட்டியடித்தார்கள்.
ஊசியை நெஞ்சுக்குக் கொண்டுவந்தபோது
ஷிபெஷி கண்களை இறுக மூடிக்கொண்டதை
வரிசையில் நான் மட்டுமே பார்த்திருப்பேன்.

பிறகு லாரியின் பின்னால் ரொட்டி மென்றபடி கேட்டான்:
"அவ்வளவு நேரம் என்ன வாசித்தார்கள்?"

பதினான்கு பேர் என்று, என்றேன்.

"சரிதான்" என்றான்.
இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டான்.